அத்தியாயம் 7: கேட்காமலே வேலையை முடித்துவிடும் ஆளுக்கு எழுதுவது

மதுரையில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்துக்கு, ரயில் நிலவரம் சொல்லும் சின்னக் கருவி ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தேன். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் கேட்பார். ஓர் ஏஐ ஏஜென்ட் அந்தக் கருவியைக் கூப்பிட்டுப் பார்த்து, வண்டி எங்கே வருகிறது என்று பதில் போடும். ஒரு மாதம் ஒரு புகாரும் இல்லை. பிறகு ஒருநாள் விடியற்காலை ஒருவர் கேட்டிருக்கிறார்: "நெல்லை எக்ஸ்பிரஸ், இன்னைக்கு 15-ஆம் தேதி மதுரையில ஏறணும். வண்டி எங்க வருது?" ஏஜென்ட் பணிவாகப் பதில் சொன்னது: "வண்டி இன்னும் புறப்படவில்லை. இன்று இரவுதான் சென்னை எழும்பூரிலிருந்து கிளம்பும்." மனிதர் திரும்பிப் படுத்துவிட்டார். வண்டி அப்போது திண்டுக்கல்லைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

எழும்பூரில் 14-ஆம் தேதி இரவு கிளம்பும் வண்டி மதுரைக்கு வந்து சேர்வது 15-ஆம் தேதி விடியுமுன். என் கருவி எதிர்பார்த்தது வண்டி கிளம்பிய தேதியை. பயணி சொன்னது தான் ஏறும் தேதியை. இரண்டுக்கும் நடுவில் இருந்தது நான் எழுதிவைத்த இரண்டே சொல்: "பயணத் தேதி".

இதில் என்னை உறுத்தியது வேறொன்று. கருவியைக் கொடுத்த முதல் நாளே, கவுன்ட்டரில் இருந்த பெண் என்னிடம் கேட்டார்: "அண்ணே, இது வண்டி கிளம்புற தேதியா, இங்க ஏறுற தேதியா?" நானும் சொன்னேன், அவரும் தலையாட்டினார், அதோடு விஷயம் முடிந்தது. எழுதியிருக்க வேண்டிய வரி அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. வாயால் பதில் சொல்லிவிட்டதால் எழுதத் தோன்றவில்லை. பிறகு வந்த ஏஜென்ட் யாரிடமும் கேட்கவில்லை. அதற்குப் பொருத்தமாகப் பட்ட ஓர் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு வேலையை முடித்துவிட்டது.

இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றியதுதான். மனிதருக்கு எழுதும்போது நாம் விட்ட இடத்தை அவர் கேட்டு நிரப்பிக்கொள்வார். ஏஜென்ட்டும் நிரப்பும், ஆனால் ஊகத்தால். அந்த ஊகம் தப்பு என்று தெரியும்போது வண்டி போயிருக்கும்.

ஏஜென்ட்டின் கண்ணுக்குத் தெரிவது

ஒரு மொழி மாதிரி உங்கள் கருவியைப் பயன்படுத்துகிறது என்றால் உங்கள் நிரலைப் படித்துப் புரிந்துகொள்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அதன் கையில் இருப்பது மூன்று: கருவியின் பெயர், ஒரு பத்தி விளக்கம், என்னென்ன பாராமீட்டர் என்று சொல்லும் ஜேசன் ஸ்கீமா. 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ தன் ஏபிஐயில் ஃபங்ஷன் காலிங் வசதியைக் கொண்டுவந்தபோது பரவிய வடிவம் இது. ஏஜென்ட்டுகளைக் கருவிகளோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையும் கருவிகளை இதே மூன்றால்தான் அறிமுகப்படுத்துகிறது. மாதிரி அதைப் படித்து, "இந்தக் கருவியை இந்த மதிப்புகளோடு கூப்பிடு" என்று எழுதித் தருகிறது. உண்மையில் கூப்பிடுவது வெளியே இருக்கும் நிரல்.

ஒவ்வோர் உரையாடலிலும் அது இந்தக் குறிப்பைப் புதிதாகப் படிக்கிறது. போன வாரம் பட்ட அடி அதற்கு நினைவில்லை. முதல் நாள் வேலைக்கு வந்த ஆள் மாதிரிதான், ஆனால் தினமும் முதல் நாள். அதனால் "விவரங்களுக்கு எங்கள் விக்கியைப் பார்க்கவும்" என்ற வரியால் பயனில்லை. விக்கியைத் திறக்க அதற்கு வழி கொடுத்திருக்கிறீர்களா என்பதே முதல் கேள்வி.

எப்போது எடுக்கக் கூடாது

டெவலப்பர்கள் விளக்கம் எழுதும்போது கருவி என்ன செய்யும் என்று மட்டும் எழுதுவார்கள். ஏஜென்ட்டின் முன்னால் ஒரே ஒரு கருவி மட்டும் இருப்பதில்லை. பத்து, இருபது இருக்கும். அதற்கு முதலில் தெரியவேண்டியது இதை எடுப்பதா, பக்கத்தில் இருப்பதை எடுப்பதா என்பது. என் பழைய குறிப்பு இப்படி இருந்தது (பெயர்கள் நிரலில் ஆங்கிலத்தில்தான் இருக்கும்; இங்கே படிக்க வசதியாகத் தமிழில் தருகிறேன்):

ரயில்_நிலவரம்: ரயிலின் நிலவரத்தைத் தரும்.

பெயரையே திருப்பிச் சொல்லும் வரி. "டிக்கெட் கன்ஃபர்ம் ஆச்சா?" என்று கேட்டவர்களுக்கும் ஏஜென்ட் இதைத்தான் எடுத்தது, ஏனென்றால் அதுவும் ஒரு 'நிலவரம்'தானே. இப்போது இருப்பது இது:

ரயில்_எங்கே: ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பயணிகள் ரயில் இப்போது எந்த நிலையத்தருகே இருக்கிறது, எத்தனை நிமிடம் தாமதம் என்று சொல்லும். டிக்கெட் உறுதியானதா, காத்திருப்புப் பட்டியல், கட்டணம் ஆகியவை இதில் கிடைக்காது. டிக்கெட்டைப் பற்றிக் கேட்டால் பிஎன்ஆர்_நிலை கருவியை எடு; அதற்கு 10 இலக்கப் பிஎன்ஆர் எண் தேவை. பயணி ஏறும் நிலையத்தைச் சொல்லாவிட்டால் அவரிடம் கேள், ஊகிக்காதே. தகவல் சில நிமிடம் பழையதாக இருக்கலாம். எத்தனை மணித் தகவல் என்பது பதிலிலேயே வரும், அதைப் பயணிக்கும் சொல்.

நீளம் கூடியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் ஒரு தவறு இருக்கிறது, நடந்த தவறு. நடக்காத தவறுகளுக்கெல்லாம் முன்கூட்டியே வரி எழுதப் போனால் குறிப்பு சட்டப் புத்தகமாகிவிடும். எல்லாக் கருவிகளின் விளக்கமும் மாதிரியின் சூழல் எல்லைக்குள் இடம் பிடிப்பவை. உரையாடலுக்கான இடத்தைத்தான் அவை தின்கின்றன. இன்னொன்று: பத்து இடத்தில் "மிக முக்கியம்" என்று போட்டால் எதுவும் முக்கியமில்லை என்றாகிவிடும். கல்யாணப் பத்திரிகையில் எல்லாப் பெயரையும் கொட்டை எழுத்தில் அடித்ததுபோல.

பாராமீட்டர்: எண் என்றால் எந்த எண்?

பெரும்பாலான விபத்துகள் இங்கேதான். ரயில் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 5 இலக்கம். எண்தானே என்று ஸ்கீமாவில் முழு எண் என்று அறிவித்திருந்தேன். நெல்லை எக்ஸ்பிரஸ் 12631, சிக்கல் இல்லை. தீபாவளி வந்தது. சிறப்பு ரயில்களின் எண் 0-வில் தொடங்கும். முழு எண்ணில் முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை, அது உதிர்ந்து 4 இலக்கமாகிப் போகும். "அப்படி ஒரு ரயில் இல்லை" என்று பதில் வந்தது, அதுவும் கூட்டம் அலைமோதும் வாரத்தில். இப்போது அந்தப் பாராமீட்டர் எழுத்துச் சரம். விளக்கத்தில் "சரியாக 5 இலக்கம், முன்னால் இருக்கும் 0-வை விடாதே" என்று ஒரு வரி, 0-வில் தொடங்கும் ஓர் உதாரணம். கூட்டல், கழித்தல் செய்ய மாட்டோம் என்றால் அது எண் இல்லை, எண்ணைப் போல் எழுதப்படும் பெயர். தொலைபேசி எண்ணும் அப்படித்தான்.

நிலையப் பெயர் இன்னொரு தலைவலி. பயணி "சென்னை" என்பார். சென்ட்ரலா, எழும்பூரா, தாம்பரமா? சென்ட்ரலுக்கு 2019-இல் எம்.ஜி.ஆர். பெயரை வைத்தார்கள், பலகை மாறியது, எம்ஏஎஸ் என்ற குறியீடு மாறவில்லை. எழும்பூர் எம்எஸ். ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஏஜென்ட் மாற்றிப் போடவும் வாய்ப்புண்டு. திருச்சி, திருச்சிராப்பள்ளி, ட்ரிச்சி என்று ஒரே ஊரை மூன்று விதமாகச் சொல்வார்கள். தூத்துக்குடியை டூட்டிகொரின் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால் நிலையம் தேடுவதற்குத் தனியாக ஒரு கருவி வைத்தேன்: எப்படி எழுதினாலும் வாங்கிக்கொண்டு, பொருந்தும் நிலையங்களைக் குறியீட்டோடு தரும். மற்றக் கருவிகள் குறியீட்டை மட்டும் வாங்கும். "இந்தக் குறியீடு நிலையம்_தேடு தந்ததாக இருக்க வேண்டும், நீயே உருவாக்காதே" என்று அவற்றின் விளக்கத்தில் இருக்கும். ஒரு கருவியின் பதில் இன்னொன்றின் உள்ளீடாகப் போகிறது என்றால் அந்தத் தொடர்பை இரண்டு பக்கமும் எழுதிவிடுங்கள்.

பணம் வந்தால் அலகை எழுதாமல் விடாதீர்கள். பணம் வசூலிக்க உதவும் ரேசர்பே சேவையின் ஏபிஐயில் தொகை பைசாவில்: 500 ரூபாய்க்கு 50000 என்று அனுப்ப வேண்டும். ஏபிஐயை நாள்தோறும் புழங்குபவருக்கு இது பழகிப்போன விஷயம். "தொகை" என்று மட்டும் எழுதிய குறிப்பைப் பார்க்கும் ஏஜென்ட் 500 என்றே அனுப்பும். வசூலாவது ஐந்து ரூபாய். பாராமீட்டரின் பெயரையே 'தொகை_பைசாவில்' என்று வைத்துவிட்டால் விளக்கத்தைச் சரியாகப் படிக்காத ஏஜென்ட்டுக்கும், அவசரத்தில் இருக்கும் மனிதருக்கும் கண்ணில் படும். 'பயனர்' என்று வைக்காமல் 'பயனர்_எண்' என்று வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

தேதிக்கு வருவோம். 03/04 மார்ச்சா ஏப்ரலா என்ற பழைய சண்டைக்கு ஆண்டு-மாதம்-நாள் என்ற ஐஎஸ்ஓ 8601 வடிவம் முடிவு கட்டிவிடும், அதைக் கேளுங்கள். எந்த நேர மண்டலம் என்றும் சொல்லுங்கள். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடினால், நம் ஊரில் விடியற்காலை ஐந்தரை வரைக்கும் அதற்கு 'நேற்று'தான்.

ஆனால் எந்தத் தேதி என்ற என் கேள்விக்கு வடிவம் பதில் சொல்லாது. முதலில் மூன்று வரி விளக்கம் எழுதிப் பார்த்தேன்: "ரயில் தன் முதல் நிலையத்திலிருந்து புறப்பட்ட தேதி. பயணி நள்ளிரவுக்குப் பிறகு ஏறினால் ஒருநாள் கழித்துக்கொள். இரண்டு இரவு ஓடும் வண்டியானால்..." எழுதும்போதே சங்கடமாக இருந்தது. இந்தக் கணக்கை ஏஜென்ட் தலையில் ஏன் கட்டுகிறேன்? ஒவ்வொரு நிலையத்துக்கும் வண்டி எத்தனையாவது நாளில் வருகிறது என்பது கால அட்டவணையிலேயே இருக்கிறது. கருவியை மாற்றினேன்: ஏறும் நிலையம், ஏறும் தேதி, இரண்டை மட்டும் வாங்கிக்கொண்டு, கிளம்பிய தேதியைத் தானே கணக்கிடும். விளக்கம் ஒரே வரியானது: "பயணி அந்த நிலையத்தில் ஏறும் தேதி."

விளக்கம் நீண்டுகொண்டே போனால் பேனாவை வைத்துவிட்டுக் கருவியைப் பாருங்கள். ஆந்த்ரோபிக் பொறியாளர்கள் 2024 டிசம்பரில் எழுதிய ஒரு கட்டுரையில் இதே பாடம் இருக்கிறது. நிரல் திருத்தும் ஏஜென்ட் ஒன்று வேறு அடைவுக்குள் போனதும், கோப்புப் பாதையைத் தப்பாகக் கொடுத்துக்கொண்டே இருந்தது; சார்புப் பாதை எங்கிருந்து எண்ணப்படுகிறது என்பதில் குழப்பம். அவர்கள் பாதையை விளக்கிக்கொண்டிருக்கவில்லை. எப்போதும் முழுப் பாதையே வேண்டும் என்று கருவியை மாற்றிவிட்டார்கள், குழப்பம் தீர்ந்தது.

பதிலும் பிழைச் செய்தியும்

குறிப்பு என்பது முன்னால் எழுதிவைப்பது மட்டுமில்லை. கருவி திருப்பித் தரும் ஒவ்வொரு பிழைச் செய்தியும், தேவைப்படும் நொடியில் ஏஜென்ட் படிக்கும் குறிப்பு. "பிழை 400" என்று வந்தால் அது அதே மதிப்பை மறுபடி அனுப்பிப் பார்க்கும், பிறகு வேறெதையாவது அனுப்பிப் பார்க்கும். "ரயில் எண் 5 இலக்கமாக இருக்க வேண்டும், வந்தது 4 இலக்கம். சிறப்பு ரயிலானால் முன்னால் 0 விடுபட்டிருக்கலாம்" என்று வந்தால் இரண்டாம் முறையே சரியாகிவிடும். விளக்கத்தில் பத்து வரி சேர்ப்பதைவிட இந்த ஒரு வரி மலிவு. தப்பு நடந்தால்தான் அது கண்ணில் படும், மற்ற நேரத்தில் இடத்தை அடைக்காது.

ஒன்றும் கிடைக்கவில்லை என்பதும் வேலை கெட்டுப்போச்சு என்பதும் வேறு வேறு. யூனிக்ஸில் உரை தேடும் கிரெப் கட்டளை, முடியும்போது தரும் எண்ணில் இதை ஒழுங்காகச் சொல்கிறது: தேடியது கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, தேடுவதிலேயே கோளாறு என்றால் 2. ஆனால் இது தெரியாத ஏஜென்ட் 1-ஐப் பார்த்துக் கட்டளை உடைந்துவிட்டதாக நினைக்கக்கூடும். உங்கள் கருவி காலிப் பட்டியலைத் திருப்பித் தந்தால் ஒரு வாக்கியமும் சேர்த்துத் தாருங்கள்: தேடினேன், அந்த நாளில் அந்த வண்டி ஓடாது. 'தெரியவில்லை', 'இல்லை' இரண்டையும் ஒரே காலிப் பெட்டியில் போட்டுக் கொடுத்தால், ஏஜென்ட் தனக்குத் தோதானதை எடுத்துக்கொள்ளும்.

பதிலின் அளவும் கவனிக்க வேண்டியது. நாற்பது நிலையங்களின் முழு அட்டவணையைக் கொட்ட வேண்டியதில்லை. கேட்டவருக்கு ஒன்றுதான் வேண்டும். ஆந்த்ரோபிக்கின் நிரல் எழுதும் ஏஜென்ட்டான கிளாட் கோடு, 2025-இல் ஒரு கருவியின் பதிலை இயல்பமைப்பில் 25,000 டோக்கன் (மாதிரி படிக்கும் சொல்துண்டு) அளவில் நிறுத்திவிட்டது. வெட்டித் தரவேண்டி வந்தால், வெட்டியதைச் சொல்லுங்கள். மிச்சத்தை எப்படிக் கேட்பது என்றும் சொல்லுங்கள்.

கை வைத்தால் திரும்பாதவை

ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளையில் ஒரு வேடிக்கை உண்டு. மூல அடைவின் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். போடாவிட்டால் அந்த அடைவே போய் உட்காரும். அதோடு நீக்கும் விருப்பத்தையும் சேர்த்தால், மூலத்தில் இல்லாததெல்லாம் இலக்கில் அழிந்துவிடும். ஒரு சாய்கோட்டின் மேல் ஒருவருடைய கோப்புகள் நிற்கின்றன. அதனாலேயே பழகியவர்கள் ஒத்திகை விருப்பத்தைப் போட்டு, என்னென்ன நடக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் நிஜமாக ஓட்டுவார்கள்.

ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் கருவி எதையாவது அழிக்கும், அனுப்பும், பணம் பிடிக்கும் என்றால் விளக்கத்தின் முதல் வாக்கியத்திலேயே அதைச் சொல்லுங்கள். இரண்டு முறை கூப்பிட்டால் இரண்டு முறை நடக்குமா என்றும் சொல்லுங்கள். பதில் வரத் தாமதமானால் ஏஜென்ட் மறுபடி கூப்பிடும். எம்சிபியில் 2025 மார்ச் பதிப்பிலிருந்து, இந்தக் கருவி படிப்பது மட்டும், இது அழிக்கக்கூடியது என்று குறிக்க அடையாளங்கள் இருக்கின்றன. அவை வெறும் குறிப்புகள்தான், பூட்டு இல்லை. டிக்கெட் ரத்து செய்யும் என் கருவி, எவ்வளவு பணம் திரும்பும் என்று முதலில் காட்டி ஓர் உறுதி எண்ணைத் தருகிறது. பயணி சரி என்ற பிறகு அந்த எண்ணோடு மறுபடி வந்தால்தான் ரத்தாகும். "பயணியிடம் கேட்காமல் ரத்து செய்யாதே" என்று எழுதியும் இருக்கிறேன். ஆனால் நான் நம்புவது அந்த வரியை இல்லை.

குறைகளை எழுதும் துணிச்சல்

1971 நவம்பர் 3 என்று தேதியிட்ட முதல் யூனிக்ஸ் கையேட்டில், கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் கட்டளைகளின் பக்கங்களில் ஒரு பகுதி வைத்திருந்தார்கள்: பிழைகள். இந்தக் கட்டளையில் இன்னது சரியாக வேலை செய்யாது என்று தாங்களே எழுதிவைத்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து நம் கருவிகளின் குறிப்பைப் பார்த்தால் எல்லாம் விளம்பரத் தாள்போல இருக்கிறது. மனிதருக்கு இது எரிச்சல் மட்டும். நாலு முறை பட்டுத் தெரிந்துகொள்வார். ஏஜென்ட்டோ குறிப்பில் இருப்பதை அப்படியே நம்பும். "வழிமாற்றி விடப்பட்ட வண்டிகளுக்கு நிலையம் தப்பாக வரலாம்" என்று எழுத எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. எழுதிய பிறகு, அப்படிப்பட்ட நாட்களில் ஏஜென்ட் பயணிகளை ரயில்வே விசாரணையில் கேட்கச் சொல்கிறது.

தமிழிலா, ஆங்கிலத்திலா?

என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். என் வழக்கம் இது: கருவிப் பெயர், பாராமீட்டர் பெயர், பொது விளக்கம் எல்லாம் ஆங்கிலத்தில். ஒரே விஷயம் தமிழில் பொதுவாக அதிக டோக்கன் பிடிக்கும் என்பது ஒரு காரணம். நாளை வேறொருவர் இதைப் பராமரிக்க வேண்டியிருக்கும் என்பது இன்னொன்று. ஆனால் பயணி எப்படிப் பேசுவார் என்பதை மட்டும் தமிழிலேயே எழுதுகிறேன். "விடிஞ்சா வெள்ளிக்கிழமை" என்று ஒருவர் வியாழன் இரவு சொன்னால் எந்த நாள் என்று நமக்குத் தெரியும். "ராத்திரி 12 மணி வண்டி" என்றால் எந்தத் தேதி என்று நமக்கே சந்தேகம். மொழிபெயர்த்தால் இந்தச் சந்தேகமே காணாமல் போய்விடும், ஏஜென்ட் நிச்சயமாக இருப்பதுபோல நடந்துகொள்ளும்.

ஓட்டிப் பாருங்கள், லாகைப் படியுங்கள்

எழுதியது சரியா என்று உட்கார்ந்து யோசித்துப் பயனில்லை. நிஜமான வாடிக்கையாளர் கேட்ட கேள்விகளில் ஒரு இருபதை எடுங்கள், எழுத்துப் பிழையைத் திருத்தாமல். ஏஜென்ட்டிடம் கொடுங்கள். இறுதிப் பதிலை மட்டும் பார்க்காதீர்கள். எந்தக் கருவியை எடுத்தது, என்ன மதிப்பு கொடுத்தது, எத்தனை முறை தடுமாறியது என்று லாகை வரிவரியாகப் படியுங்கள். ஆந்த்ரோபிக் தன் வலைத் தேடல் கருவியை வெளியிட்ட சமயத்தில், மாதிரி தேவையே இல்லாமல் தேடல் சொற்களோடு 2025 என்று ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தது. விளக்கத்தைத் திருத்தியதும் சரியானது. பதிலை மட்டும் பார்த்திருந்தால், தேடல் கொஞ்சம் சுமார் என்று விட்டிருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றி, அதே இருபதையும் மறுபடி ஓட்டுங்கள். ஒரு கேள்வியைச் சரிசெய்யப் போட்ட வரி வேறு இரண்டைக் கெடுப்பது சர்வசாதாரணம்.

அந்த டிராவல்ஸ் அலுவலகத்தின் லாகை நான் இன்னும் வாரம் ஒருமுறை படிக்கிறேன். போன மாதம் நள்ளிரவு தாண்டி 20 நிமிடத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: "நாளைக்கு காலைல நெல்லை எக்ஸ்பிரஸ், லேட்டா?" அதற்கு முன்பெல்லாம் ஏஜென்ட் நேராகக் கருவிக்கு ஓடியிருக்கும். இந்த முறை எழுதியிருந்தது: "எந்த நிலையத்தில் ஏறுகிறீர்கள்? இன்னும் சில மணி நேரத்தில் விடியும் காலையா, அதற்கு அடுத்த நாள் காலையா?"

"திண்டுக்கல். இப்ப விடியுறதுதான்" என்று பதில் வந்திருந்தது.